அம்மா சொல்லாத அக்கா: கேட்கலாமா, விடலாமா?

கேள்வி: கடைக்குட்டி05

வணக்கம். இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுமையாக வாசியுங்கள்.

எனக்கு 20 வயது. பிறந்தது இலங்கையின் வன்னியில், அக்கராயன் பக்கம். இப்போது வவுனியாவுக்குக் கிட்ட இருக்கிறோம். வீட்டில் அம்மா, அண்ணா, நான். அப்பா 2015இல் மாரடைப்பில் இறந்துவிட்டார். அண்ணாவுக்கும் எனக்கும் 17 வயது வித்தியாசம். ஏன் இவ்வளவு இடைவெளி என்று சின்ன வயதில் கேட்டால் அம்மா, "இடையில ஒண்டும் தங்கேல்ல" என்பார். அதற்கு மேல் யார் கேட்பார்கள். சமாதான காலத்தில் பிறந்தபடியால் அம்மம்மா என்னைச் 'சமாதானப் பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார்.

போன மாதம் அம்மா கிளினிக்குக்குப் போகும்போது போனை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அது அடித்தது, எடுத்தேன். பழைய ஊர் ஜீ.எஸ்ஸின் (கிராம சேவகர்) அலுவலகத்திலிருந்து யாரோ. "அம்மான்ர மகளின்ர பைல் விஷயமா எடுக்கிறன்" என்றார். "நான்தான் மகள், சொல்லுங்கோ" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "இல்லைப் பிள்ளை, காணாமல் போன மகள். அம்மாவை எடுக்கச் சொல்லுங்கோ" என்று வைத்துவிட்டார்.

அன்றைக்கே அம்மாவின் றங்குப்பெட்டியைத் திறந்தேன். அது பிழை என்று தெரியும். அடியில், இரண்டு பொலித்தீன் பையால் சுற்றி, மூன்று கடதாசி இருந்தன. ஒன்று, என்னுடையது அல்லாத ஒரு பிறப்புச் சான்றிதழ், 1991, அதே அம்மா, அதே அப்பா. இரண்டாவது, 2007 டிசம்பர் சாதாரண தரப் பெறுபேறு, கணிதத்துக்கு ஏ. மூன்றாவது, காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க 2013இல் போட்ட ஆணைக்குழுவுக்கு அப்பா தன் கையால் எழுதிய கடிதத்தின் பிரதி. 'எனது இரண்டாவது பிள்ளை 2008 ஆவணி மாதம் வீட்டிலிருந்து சென்றவர். 2009.05.17 அன்று வட்டுவாகல் பாலத்தடியில் அவரை உயிருடன் கண்டதாக உறவினர் ஒருவர் கூறியுள்ளார்.' இடையில் ஒரு வரியைப் பேனையால் வெட்டியிருக்கிறார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் 'மூத்த மகனுக்கு' என்ற இரண்டு சொல் மட்டும் தெரிகிறது.

அக்காவின் பெயரை இங்கே எழுதவில்லை. 'சு' என்று தொடங்கும்.

அந்த எழுத்தைப் பார்த்தவுடன்தான் எனக்குக் கை நடுங்கியது. நான் ஆறாம் வகுப்பிலிருந்து ஏ.எல். வரை பாவித்த கொம்பாஸ் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம், கவராய நுனியால் கீறிய ஒரு 'சு' இருக்கிறது. பெயின்ற் போய், ஒரு மூலை நசிந்த தகரப் பெட்டி. பாகைமானியின் ஒரு முனை உடைந்திருக்கும், 160க்குப் பிறகு கோடு இல்லை. யாருடையது என்று கேட்டதற்கு அம்மா, "ஆரோ சொந்தக்காரப் பிள்ளையின்ர" என்றார். அண்ணா எனக்குச் சப்பாத்து, பை, ரியூசன் காசு எல்லாம் புதிதாகத் தந்தவர், ஆனால் புதுக் கொம்பாஸ் கேட்டால் மட்டும், "அது இருக்குதுதானே" என்று போய்விடுவார்.

எங்கள் வீட்டில் 2009க்கு முந்தைய படம் ஒன்றுகூட இல்லை. நகையும் இல்லை. கடைசிப் போரில் இடம்பெயர்ந்து ஓடும்போது தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு வந்தோம் என்று அம்மா சொல்லுவார். கடைசியில் உடுத்த உடுப்பும் ஒரு பையும்தான் மிச்சம். அந்தப் பைக்குள் கொம்பாஸ் பெட்டி இருந்திருக்கிறது.

அப்போது எனக்கு மூன்றரை வயது. அவரைப் பற்றி ஒரு சின்ன நினைவுகூட இல்லை. கோபம் வருகிறது, யார் மேல் என்று தெரியவில்லை. அம்மாவுக்கு பிரஷர், சீனி இரண்டும் இருக்கிறது. கேட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். கேட்காமல் இருந்தால் இனிமேல் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியாது போல இருக்கிறது. அந்த அலுவலகக்காரரும் திரும்ப எடுப்பார். நான் என்ன செய்ய?

பதில் 1: பழைய ரீச்சர்

பிள்ளை, நான் வன்னியில் 22 வருடம் படிப்பித்தவள். உன் அக்காவின் வயதுப் பிள்ளைகள்தான் என் கடைசி வகுப்பு. அதனால் உன் அம்மாவின் பக்கம் நின்று கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

2006க்குப் பிறகு வீட்டுக்கு ஒருவர் இயக்கத்தில் (புலிகளில்) சேர வேண்டும் என்று கட்டாயம் வந்தது. 2008 கடைசியில் அந்தக் கணக்கும் போய்விட்டது. கலியாணம் கட்டியவர்களை விடுவார்கள் என்று 17, 18 வயதில் அவசர அவசரமாகக் கட்டிவைத்தார்கள். கட்டிவைக்க முடியாதவர்கள் பிள்ளைகளைக் கிடங்கு வெட்டி ஒளித்து வைத்தார்கள். காலையில் இடாப்புக் கூப்பிடும்போது ஒரு பெயருக்குச் சத்தம் வராவிட்டால் நான் அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். பிள்ளைகளும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அப்படித்தான் எங்களுக்கு வாய் கட்டுப்பட்டது, முகாமுக்குப் போகும் முன்னமே.

பிறகு ஓமந்தை, ஆமியின் சோதனைச் சாவடி. ஒலிபெருக்கியில், 'ஒரு நாள் இயக்கத்தில் இருந்திருந்தாலும் வந்து பதியுங்கள்' என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற தாய்மாரின் நிலையை நீ யோசிக்க வேண்டும். இருக்கிற மகனைக் காப்பாற்ற வேண்டும். போன மகளின் பெயரைச் சொன்னால் அவனையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம். போரிலிருந்து வெளியே வந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் எங்கள் தறப்பாளுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் இருந்தது. விசாரிக்க வருகிறவர்கள் சின்னப் பிள்ளைகளுக்கு ரொபி கொடுத்து, "வேற அக்கா, அண்ணா இருக்கினமா?" என்று கேட்பார்களாம். அந்தத் தாய் நாலு வயது மகனை இரவில் மடியில் வைத்துக்கொண்டு, "எத்தினை பேர்? மூண்டு பேர். வேற ஆர்? ஒருத்தரும் இல்லை" என்று பாடம் மாதிரிச் சொல்லிக் கொடுப்பாள். பக்கத்தில் இருந்த எனக்கே அது மனப்பாடம். பெடியன் தவறுதலாகத் தமையனின் பெயரைச் சொன்னால் வாயில் அடிப்பாள், பிறகு தானே அழுவாள்.

உனக்கும் அப்படி ஒரு பாடம் சொல்லித் தந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். உனக்கு நினைவு இல்லாதது உன் பிழை இல்லை. மறக்கச் சொல்லித்தான் வளர்த்தார்கள்.

முகாமை 2012 செப்ரெம்பரில் மூடினார்கள். பயம் மூடவில்லை. வீடு வீடாக வந்து ஆட்கள் கணக்குக் கேட்ட காலம் அதற்குப் பிறகும் இருந்தது. ஒரு பொய்யை ஏழெட்டு வருடம் பயத்தில் சொன்ன பிறகு, பயம் குறைந்துவிட்டது என்பதற்காக அதை ஒரு நாளில் எடுத்துவிட முடியாது. அதற்குள் நீ வளர்ந்துவிட்டாய். இனி எப்படித் தொடங்குவது என்று அம்மாவுக்கே தெரியாமல் இருக்கும்.

நான் சொல்வது, அவசரப்படாதே. ஆனால் அந்த போன் வந்ததை அம்மாவிடம் மறைக்காதே. "ஜீ.எஸ். ஒப்பீஸில இருந்து எடுத்தவை, உங்களை எடுக்கட்டாம்" என்று மட்டும் சொல். அவருக்கு விளங்கும், நீ ஏதோ அறிந்துவிட்டாய் என்று. மிச்சத்தை அவர் தொடங்க விடு.

பதில் 2: ஸ்கார்பரோ தம்பி

அக்கா (நீங்கள் என்னைவிட ஒரு வயது கூட), எங்கள் வீட்டிலும் இது இருக்கிறது, வேறு விதமாக.

அப்பாவுக்கு இரண்டு பிறந்தநாள். கார்ட்டில் இருப்பது ஒன்று, அப்பம்மா போன் எடுத்து வாழ்த்துவது இன்னொன்று. இங்கே அகதிக் கோரிக்கை வைத்த பல வீடுகளில் 'கேஸ்' என்ற ஒரு சொல் உண்டு. கேஸில் எழுதிய கதை ஒன்று இருக்கும். வீட்டில் நடந்தது ஒன்று இருக்கும். பிள்ளைகளுக்கு இரண்டுமே சொல்லமாட்டார்கள், எங்கேயாவது மாற்றிச் சொல்லிவிடுவோம் என்று. பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்னபோது அம்மா, "பெரியப்பாவைப் போடாதை" என்றார். ஏன் என்று இன்றைக்கும் முழுதாகத் தெரியாது.

நான் செய்த பிழையைச் சொல்கிறேன். 16 வயதில், வீட்டில் விருந்தாட்கள் இருக்கும்போது, "நீங்கள் யார் என்று எனக்கு ஒரு தரமாவது உண்மை சொல்லுங்கள்" என்று அப்பாவிடம் கத்தினேன். அவர் எழும்பிப் போய்விட்டார். பிறகு இரண்டு வருடம் எங்களுக்குள் சாப்பாடு, பாடசாலை, கார்த் திறப்பு இது மூன்றும்தான் பேச்சு.

அவர் கடைசியில் சொன்னது ஒரு மாரி இரவில், காரில். வேலை முடிந்து என்னை ஏற்றிக்கொண்டு வந்தார். பனி கொட்டியது, வைப்பர் போய் வந்துகொண்டிருந்தது, இருவரும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் ஒன்றும் கேட்கவே இல்லை, தானாகத் தொடங்கினார். முகத்தைப் பார்க்காமல் இருந்தால் அவரால் பேச முடிகிறது என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். இப்போது ஏதாவது கேட்க வேண்டுமென்றால், "அப்பா, கடைக்குப் போவோமா" என்பேன்.

குசினியில் முன்னால் நின்று கேட்காதீர்கள். பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

பதில் 3: ஈப்போ பேரன்

வணக்கம் தங்கச்சி. நான் மலேசியா, பேராக். வயது 58. உங்கள் போரைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ரீச்சர் அம்மா சொல்வதுபோல் காத்திருப்பதில் எனக்குச் சம்மதமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் தாத்தா ஜப்பான் காலத்தில் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) போனவர். 'போனவர்' என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம், பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதுதான் சரி. 1942 ஜூனில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த, 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதை. எங்கள் தோட்டங்களிலிருந்து தமிழர்களை லாரி லாரியாக ஏற்றினார்கள். காட்டில் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குக் கணக்கே சரியாகக் கிடையாது.

போர் முடியும் வரை தாத்தா திரும்பவில்லை. பாட்டிக்குக் கையில் இரண்டு பிள்ளைகள். பால்மரம் வெட்டினால்தான் அரிசி. லயத்தில் பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து வாழத் தொடங்கிவிட்டார். போர் முடிந்து ஒரு வருடம் கழித்து, காலில் ஆறாத புண்ணோடு, எலும்பும் தோலுமாகத் தாத்தா தோட்டத்து வாசலில் வந்து நின்றார். பாட்டி அப்போது ஆறு மாதம். தாத்தா ஒரு வார்த்தை பேசவில்லையாம், லயத்து வாசலில் அரை நாள் உட்கார்ந்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

இதை என் அப்பா எனக்குச் சொன்னபோது அவருக்கு 74 வயது. நாங்கள் சித்தப்பா என்று கூப்பிட்டவர் அந்த வயிற்றில் இருந்த பிள்ளை. தாத்தா எந்தத் தோட்டத்துக்குப் போனார், எங்கே புதைத்தார்கள், யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அந்த ரயில் பாதை ஓடிய தாய்லாந்துக் காஞ்சனபுரிக்கு நான் போனேன். அங்கே போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பெயர் பொறித்து, புல் வெட்டி, பூச்செடி வைத்து. நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் எழுதிய ஒரு வரிசை கிடையாது. யார் பெயரை யார் எழுதுவது? வீட்டிலேயே சொல்லவில்லையே. எங்கள் குடும்பம் மானத்துக்குப் பயந்தது, உங்கள் குடும்பம் உயிருக்குப் பயந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்களிடம் கடதாசி மூன்று இருக்கிறது. தேதி இருக்கிறது, பாலத்தின் பெயர் இருக்கிறது, பார்த்த ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அவர் யார் என்று அம்மாவுக்குத் தெரியும். அந்த ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறாரா? இதைக் கேட்க இன்னும் பத்து வருடம் காத்திருக்காதீர்கள், தங்கச்சி.

பதில் 4: பெயர் வேண்டாம்

நான் இந்தத் தளத்தில் வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

தங்கச்சி, அந்த வெட்டின வரியைத் திரும்ப ஒருக்கால் பாருங்கள். 'மூத்த மகனுக்கு' என்றால் அடுத்த சொல் என்னவாக இருக்கும்? எனக்கு அது தெரியும், ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. 'மூத்த மகனுக்குப் பதிலாக.'

என் இடத்துக்குப் போனது என் தங்கச்சி. எனக்கு அப்போது 21, அவளுக்கு 18. கிடங்குக்குள் என்னை வைத்து மேலே பலகை போட்டு, பலகைக்கு மேல் விறகு அடுக்கியிருந்தார்கள். இயக்க ஆட்கள் வந்தால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவார்கள், அடிப்பார்கள், அப்பா இரண்டு நாளில் வருவார். மூன்றாவது முறை அப்பாவின் கை முறிந்திருந்தது. அடுத்த முறை வந்தபோது தங்கச்சி முற்றத்தில் நின்றபடி, "அப்பாவை விடுங்கோ, நான் வாறன்" என்று சொன்னது எனக்குக் கிடங்குக்குள் கேட்டது. நான் விறகைத் தள்ளிக்கொண்டு மேலே வந்திருக்கலாம். வரவில்லை. 17 வருடமாக அந்த ஒரு நிமிஷத்தில்தான் இருக்கிறேன்.

எங்கள் வீட்டிலும் அவளுடைய பெயரை யாரும் சொல்வதில்லை. வெளியே கேட்டால் பயம், பாதுகாப்பு என்று காரணம் சொல்லுவார்கள், அது ஒரு காலம் உண்மையாகவும் இருந்தது. ஆனால் இப்போது அம்மா வாயைத் திறக்காமல் இருப்பது என்னால்தான். அவளுடைய பெயர் வீட்டுக்குள் வந்தால் நான் சாப்பாட்டை விட்டு எழும்பிவிடுவேன் என்று அம்மாவுக்குத் தெரியும். ஒரு வருடம் அவளுடைய பிறந்தநாளுக்கு அம்மா ஒன்றும் சொல்லாமல் பாயாசம் காய்ச்சினார். நான் நாலு நாள் வீட்டுக்கு வரவில்லை. அதோடு பாயாசமும் நின்றுவிட்டது.

அதனால் சொல்கிறேன். உங்களுடைய அம்மா உங்களிடமிருந்து அக்காவை மறைக்கவில்லை என்று நினைக்கிறேன். அண்ணாவைத்தான் உங்களிடமிருந்து மறைக்கிறார். உண்மை தெரிந்தால் நீங்கள் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிடுவீர்களோ என்று பயப்படுகிறார். அப்பா அந்த வரியை எழுதிவிட்டு வெட்டினதும் அதற்காகத்தான் இருக்கும்.

அம்மாவிடம் போக முதல் அண்ணாவிடம் போங்கள். 'ஏன் மறைத்தீர்கள்' என்று கேட்காதீர்கள். அவள் எப்படிப்பட்ட ஆள் என்று கேளுங்கள். என்னிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் விடிய விடியச் சொல்லுவேன்.

பதில் 5: பழைய ரீச்சர்

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நான் அம்மாவை மட்டும் யோசித்துவிட்டேன், அண்ணாவை யோசிக்கவில்லை. பிள்ளை, இவர் சொல்வதைச் செய். மலேசியா ஐயா சொன்னதும் சரி, பாலத்தடியில் கண்ட ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த பைல் விஷயத்தையும் சொல்லி வைக்கிறேன், குழம்ப வேண்டாம். காணாமல் போனோர் அலுவலகத்துக்கு 2016இல் சட்டம் வந்தது, 2018இல் வேலை தொடங்கினார்கள். பழைய ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த முறைப்பாடுகளும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன, அப்பாவின் கடிதமும் அப்படித்தான் போயிருக்கும். விசாரணைக்குக் கூப்பிட்டு, மரணச் சான்றிதழ் வேண்டுமா, ஆள் காணவில்லை என்ற சான்றிதழ் வேண்டுமா என்று கேட்பார்கள். இரண்டாவது 2016 திருத்தத்தில் வந்தது, இறந்துவிட்டார் என்று கையெழுத்து வைக்கத் தேவையில்லை. காணி, வங்கி அலுவல் பார்க்க அது போதும்.

அந்த அலுவலகமே வேண்டாம் என்று நிற்கிற தாய்மாரும் நிறையப் பேர். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் போனவர்களுக்குப் பதில் கேட்டுப் போராட்டத்தில் குந்தியவர்களில் என் மச்சாளும் ஒருவர். பதில் தெரியாமல் எந்தக் கடதாசியும் வாங்கமாட்டேன் என்றே கண்ணை மூடிவிட்டார். போவதா விடுவதா என்பதை அம்மா முடிவெடுக்கட்டும். அதில் நீ தலையிடாதே. போனால் தனிய விடாதே. கிட்டத்து ஆஸ்பத்திரியில் உளநலப் பிரிவு இருந்தால் முன்னாடியே ஒரு தரம் கூட்டிக்கொண்டு போ, பிரஷர் மருந்தை நேரத்துக்குக் கொடு.

கடைக்குட்டி05 (மூன்று கிழமைக்குப் பிறகு)

எல்லோருக்கும் நன்றி. அண்ணாவோடு கதைத்துவிட்டேன்.

அண்ணா ஓட்டோ ஓட்டுகிறவர். ஸ்கார்பரோ தம்பி சொன்னது ஞாபகம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை செட்டிகுளம் பக்கம் ஒரு ஹயர் இருந்தது, நானும் வருகிறேன் என்று ஏறினேன். ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பின் சீற்றில் இருந்தபடி, கொம்பாஸ் பெட்டியை அவருடைய தோளுக்கு மேலால் நீட்டினேன். கேட்க நினைத்தது எல்லாம் மறந்துவிட்டது. "இந்தச் சு எப்படி ஆள் அண்ணா?" என்று மட்டும் வந்தது.

அவர் ஓட்டோவை ஓரமாக நிற்பாட்டினார். திரும்பவில்லை. பெட்டியை வாங்கித் திறந்தார். கவராயம், மூலைமட்டம், பென்சில் ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தார். பாகைமானியை எடுத்து, அந்த உடைந்த முனையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "இதை உடைச்சது நான். கோதினைக்கு முதல் நாள். ஒரு கிழமை என்னோட கதைக்கேல்ல அவள்."

மன்னிக்கவும், நிறையப் பேருக்கு விளங்கியிருக்காது, 'கோதினை' என்றால் சோதினை, பரீட்சை. அண்ணா சின்ன வயதில் அப்படித்தான் சொல்லுவாராம், அக்கா அதைச் சொல்லிச் சொல்லிப் பகிடி பண்ணுவாராம். என்னிடம் அந்தச் சொல்லை அண்ணா இதுவரை பாவித்ததே இல்லை. அக்காவைப் பற்றிப் பேசும்போது தானாக வந்துவிட்டது.

இரண்டு மணித்தியாலம் ரோட்டோரத்தில் நின்றோம். எல்லாவற்றையும் இங்கே எழுத மாட்டேன். 'பெயர் வேண்டாம்' அண்ணா, நீங்கள் சொன்னதுதான் நடந்திருக்கிறது. கிடங்கு மட்டும் எங்கள் வீட்டில் மாட்டுக் கொட்டிலுக்குக் கீழே. நான் அண்ணாவை வேறு மாதிரிப் பார்க்கவில்லை. அதை அவரிடம் சொல்லவும் சொன்னேன். உங்கள் தங்கச்சியைப் பற்றி எழுதுங்கள், நான் கேட்கிறேன். தனிமடலில் என்றாலும் சரி.

அம்மாவிடம் அண்ணாதான் சொன்னார். நான் முற்றத்தில் நின்றேன். உள்ளே அழுகைச் சத்தம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. வெகு நேரம் கழித்து அம்மா வெளியே வந்து, என் தலைமயிரைப் பிடித்து அவிழ்த்து, திரும்பப் பின்னத் தொடங்கினார். பின்னிக்கொண்டே, "அவளுக்கு இதைவிட அடர்த்தி" என்றார். அவ்வளவுதான் அன்றைக்கு. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று வருகிறது. நேற்று, அக்காவுக்குப் பாகற்காய் பிடிக்காது என்று சொன்னார். எனக்கும் பிடிக்காது.

மாத்தளனில் ஏப்ரல் 20ஆம் திகதி நாங்கள் வெளியேறினபோது அக்கா உள்ளே இருந்திருக்கிறார். அதைப் பற்றி அம்மா இன்னும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பாலத்தடியில் கண்டவர் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி, இப்போது பிரான்சில். அண்ணா அவருடைய நம்பர் எடுத்துவிட்டார், இன்னும் எடுத்துக் கதைக்கவில்லை.

விசாரணைக்கு வரும் 14ஆம் திகதி வரச் சொல்லியிருக்கிறார்கள். போவோம் என்று அம்மாவே சொன்னார், மூன்று பேரும் போகிறோம். மரணச் சான்றிதழுக்கு மட்டும் கையெழுத்து வைக்கமாட்டாராம். ஒரு சந்தேகம்: பெறுபேற்றுத் தாள் அடையாளத்துக்குக் கொடுக்கலாமா? பிறப்புச் சான்றிதழைத் தவிர அக்காவின் பெயர் உள்ள கடதாசி வேறு எங்களிடம் இல்லை.

பழைய ரீச்சர்

கொண்டு போ, காட்டு. கொடுப்பது போட்டோக்கொப்பி மட்டும். மூன்று கொப்பி எடுத்து வை, ஒன்றை அண்ணாவிடம் கொடு. மூலத்தைக் கேட்டாலும் கையை விட்டு விடாதே. முறைப்பாட்டு இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதிக்கொள், கதைத்த ஆளின் பெயரையும் திகதியையும் எழுது. அம்மாவுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போ, அங்கே மத்தியானம் வரை இருக்க வேண்டி வரும்.